எரியக் கூடாத பல்பு

அதனால்தான் சொல்கிறேன், எதிர்வீட்டுக்காரி வாயைத் திறந்தால் பாதியைத்தான் நம்ப வேண்டும். மருமகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பாட்டுப் பெட்டியைச் சொருகினார்களாம், குப்பென்று புகைந்துவிட்டதாம், யாரோ கண் வைத்துவிட்டார்களாம். நேற்று சாயங்காலம் அந்தப் பெட்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றி முச்சந்தியில் போட்டாள். அந்த ஊர் கரன்ட் வேறு, நம் ஊர் கரன்ட் வேறு. பெட்டிக்குப் பின்னால் சின்ன சுவிட்சு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டாமா? போய்ச் சொன்னேன். "உங்களுக்கு இன்னா தெரியும் பாட்டி, நீங்க கைநாட்டு" என்றாள்.

கைநாட்டுதான். இல்லை என்று யார் சொன்னது?

கண்ணு, புளியை இப்படி விரலால் பிளந்து கொட்டையை மட்டும் அந்த முறத்தில் போடு, தூக்கி எறியாதே. உன் ஆபீஸ் தமிழ்க்காரர்கள் போடும் மலருக்குப் பழைய பெங்களூரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டாயே, இதையே எழுதிக்கொள். நான் என் வாய்க்கு வந்தபடி பேசுகிறேன், நீ உன் அச்சுத் தமிழில் திருத்திக்கொள்.

அப்போது நாங்கள் அடுகோடியில் வட்டாரத்தில் இருந்தோம். வட்டாரம் என்றால் ஒரே வெளிக்கதவு, உள்ளே எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் ஒரு குழாய். ஒரு வீட்டில் வெங்காயம் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்மல். துபாயிலிருந்து லீவில் வந்த என் தம்பி எங்களுக்கு ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்து கொடுத்தான். ரேடியோவும் உண்டு, கேசட்டும் போடலாம். நான் அதற்கு உறை தைத்தேன். ரவிக்கைத் துணி மிச்சத்தில் சுருக்கு வைத்து, கீழே மணி கட்டி. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "பெட்டிக்குக் காது குத்து எப்போ?" என்று கேட்டார்.

அவர் ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கையில் எது கிடைத்தாலும் திருகிப் பார்க்காமல் விடமாட்டார். அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சிவப்புத் திருகு சுவிட்சு இருந்தது, காசை வைத்துத் திருப்பலாம். ஒரு பக்கம் திருப்பினால் இருநூற்றிருபது, நம் ஊர் கரன்ட். இன்னொரு பக்கம் நூற்றிப்பத்து, வெளிநாட்டுக் கரன்ட். தம்பி அதை நம் ஊருக்குச் சரியாக வைத்துவிட்டுத்தான் போனான்.

அந்த நாளில் எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் விழுந்துவிடும். டியூப்லைட் பிடிக்காது, பல்பு நெருப்புக் கங்கு மாதிரி சிவப்பாக இருக்கும். கேசட் போட்டால் பாட்டு இழுக்கும். பாடுகிற அம்மா ஆம்பளைக் குரலில் பாடுவாள், பாடுகிற ஆம்பளை மாடு கத்துகிற மாதிரி பாடுவான். என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் பெட்டியையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்.

"இந்தா, இங்க வா. சாயங்காலம் நம்ம தெருவுல பாதி கரன்ட்தான் வருது. பாதி கரன்ட்டுன்னா எத்தினி? நூத்திப்பத்து. அப்ப சுவிட்ச எங்க வெக்கணும்?"

நாலணாக் காசை வைத்துத் திருப்பினார். பாட்டு நிமிர்ந்து நின்றது. பாடுகிற அம்மா மறுபடியும் பொம்பளை ஆனாள். வட்டாரமே வந்து எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் சுவிட்சை நூற்றிப்பத்துக்குத் திருப்புவார், காலையில் எழுந்து இருநூற்றிருபதுக்குத் திருப்பிவிட்டுத்தான் பல் துலக்குவார். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா, "நிம்ம யஜமானரு இஞ்சினியரா?" என்று என் வீட்டுக்காரரைப் பற்றி என்னிடம் கேட்டாள். நான் இல்லையென்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று பல்பு பளீரென்று எரிந்தது. அட, வீடு இவ்வளவு பெரிசா என்று பார்க்கிற அளவுக்கு வெளிச்சம். முழுக் கரன்ட் வந்துவிட்டது. பாட்டு இரண்டு வரி நன்றாகத்தான் பாடியது. அப்புறம் உறைக்குள்ளிருந்து புகை. கொட்டாங்கச்சியும் நகமும் சேர்ந்து கருகின மாதிரி ஒரு நாற்றம். அவர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்தது. மணி கட்டின உறையில் ஒரு ஓட்டை.

"கரன்ட்காரன் சொல்லிட்டு உடணும் இல்ல?" என்றார்.

"ஆமா. வூட்டு வூட்டுக்கு வந்து கதவத் தட்டுவான்" என்றேன்.

தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற கன்னடக்காரர் ஒருவர், நல்ல மனுஷர். பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். அது எப்போதோ போய், அதன்மேல் செப்பு இழையைச் சுற்றி வைத்திருந்தது. ரிப்பேர்காரர் என்னைப் பார்த்தார், நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"ஃபியூஸ் ஃபியூஸா இருந்திருந்தா அதோட போயிருக்கும் அக்கா. இப்ப ட்ரான்ஸ்ஃபார்மரே சுட்டுப்போச்சு. நோடி, எப்படிக் கருகியிருக்குன்னு. டயோடு, கெப்பாசிட்டர் நான் மாத்திடுவேன். ஆனா ட்ரான்ஸ்ஃபார்மர் இந்த சைஸ்ல சிக்கல்லா, கிடைக்காது. இங்க கிடைக்கிறது பெருசு, பெட்டிக்குள்ள உக்காராது."

"இதையே மறுபடி சுத்தினா?" என்று கேட்டேன்.

"சுத்தினா ஓடும். யார் சுத்தறது இவ்வளவு சின்னதை?"

இப்போது என் வேலையைச் சொல்ல வேண்டும். அடுகோடியில் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட ஒர்க்ஷாப், அங்கே ட்ரான்ஸ்ஃபார்மர் செய்வார்கள். முதலாளி ஒரு வயசான பாய். நாங்கள் பொம்பளைகள் தரையில் உட்கார்ந்து வேலை செய்வோம். ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் இரும்புத் தகடுகள் அடுக்க வேண்டும், இங்கிலீஷ் எழுத்து மாதிரி இருக்கும் என்பார்கள். எங்களுக்கு அது சீப்புத் தகடு, குச்சித் தகடு. சீப்பைச் சொருகு, குச்சியை வை, திருப்பிச் சொருகு. எல்லாம் அடுக்கினதும் வார்னிஷ் டப்பாவில் முக்கி எடுக்க வேண்டும். அந்த முக்குகிற வேலை என்னுடையது.

அந்த வார்னிஷ் வாசனை கையை விட்டுப் போகவே போகாது. சீயக்காய் போட்டாலும் போகாது, எலுமிச்சம் தோல் தேய்த்தாலும் போகாது. சோறு பிசைந்தால் சோற்றில் வார்னிஷ். பூ கட்டினால் பூவில் வார்னிஷ். பிள்ளைகளுக்கு வாயில் ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரே ஒருவர் கைதான் சுத்தமாக இருக்கும், கம்பி சுற்றுகிறவர் கை. ஜன்னலோரம் ஒரு மெஷின், கைப்பிடியைச் சுற்றினால் செப்புக் கம்பி சர்சர் என்று பாபினில் ஏறும். அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல், மேலே காற்று. பாயே உட்கார்ந்து சுற்றுவார். எனக்கு அந்த ஸ்டூல் மேல் ஒரு கண். அந்தக் காலத்தில் சாமியிடம் நான் கேட்டதெல்லாம் அந்த ஸ்டூல்தான்.

பாயிடம் முன்பே கேட்டிருந்தேன். மெஷினில் எண்ணிக்கை காட்டுகிற சக்கரம் உடைந்துபோய்விட்டது, எத்தனை சுற்று என்று மனசில் எண்ணிக்கொண்டு அவ்வப்போது எழுதிவைக்க வேண்டும், உனக்குத்தான் எழுத வராதே என்று தட்டிக் கழித்துவிட்டார். இப்போது கருகின ட்ரான்ஸ்ஃபார்மரை முந்தானையில் முடிந்துகொண்டு போய் நின்றேன்.

"நக்கோ, வேணாம். எண்ணிக்கை தப்புனா கஸ்டமர் வீட்டுப் பெட்டி எரியும். நான்தான பதில் சொல்லணும்?" என்றார்.

"என் வூட்டுப் பெட்டி எரிஞ்சே போச்சு பாய். இதுக்கு மேல இன்னா எரியும்?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "ஹௌ, அதுவும் சரிதான். உன் வீட்டுப் பெட்டிக்கே சுத்து. சீரியஸ் பல்புல வெச்சுப் பாக்கறேன். பல்பு எரியலைன்னா ஸ்டூல் உனக்கு. எரிஞ்சா மறுபடி டப்பாவுக்குப் போய்டணும், இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

சீரியஸ் பல்பு என்றால், சுற்றின ட்ரான்ஸ்ஃபார்மருக்கு நேராகக் கரன்ட் கொடுக்காமல் நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்துக் கொடுப்பது. உள்ளே எல்லாம் சரியாக இருந்தால் பல்பு எரியாது. தப்பு இருந்தால் எரிந்து காட்டிக்கொடுக்கும். ஊரிலெல்லாம் பல்பு எரிந்தால் சந்தோஷப்படுவார்கள், எங்களுக்கு அங்கே இருட்டாக இருந்தால்தான் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து பழைய சுற்றைப் பிரித்தேன். பாபினில் ரெண்டு தடுப்பு. ஒன்றில் தடித்த கம்பி, அது பிழைத்துக்கொண்டது. இன்னொன்றில் தலைமயிர் மாதிரி மெல்லிய கம்பி, கரன்ட் ஏறுகிற பக்கம். அது ரெண்டு பங்கு, ரெண்டும் ஒரே அளவு. அந்தச் சிவப்பு சுவிட்சே அதற்காகத்தானாம், ஒரு பங்கு மட்டும் ஓடினால் நூற்றிப்பத்து, ரெண்டும் சேர்ந்து ஓடினால் இருநூற்றிருபது. உள்பங்கு அடிபிடித்த பாயசம் மாதிரி கருகிக் கட்டியாகிவிட்டது, அதை எண்ண முடியாது. வெளிப்பங்கு நல்லபடியாகப் பிரிந்து வந்தது. அதை எண்ணினால் உள்பங்குக்கும் அதே கணக்கு.

நான் எண்ணின விதத்தைக் கேள். வலதுகை கம்பியைப் பிரிக்கும். இடதுகையில் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகும். எல்லாக் கணுவும் முடிந்தால் டம்ளரில் ஒரு புளியங்கொட்டை. மறுபடி முதல் கணுவிலிருந்து. நடுவில் யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்கவில்லை. பால்காரர் வந்து நின்று பார்த்துவிட்டு, நான் ஏதோ ஜபம் பண்ணுகிறேன் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கடைசிச் சுற்று வந்ததும் டம்ளரை அடுப்பு மேடை அலமாரியில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்தில் பாய் ஸ்டூலை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். பழைய கம்பியின் தடிமனுக்குச் சரியான புதுக் கம்பியை அவரே தேடி எடுத்துத் தந்தார். டம்ளர் கொட்டையெல்லாம் ஒரு பக்கம் கொட்டி, கணுவைத் தொட்டு, ஒவ்வொரு கொட்டையாக மறுபக்கம் தள்ளித் தள்ளிச் சுற்றினேன். உள்பங்கு முடிந்து, காகிதம் வைத்து, வெளிப்பங்கையும் அதே கொட்டைக் கணக்கில் சுற்றினேன். தகடு அடுக்கினேன். எல்லாரும் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பாய் சுவிட்சைப் போட்டார்.

பல்பு எரிந்தது. பிரகாசமாக இல்லை, எங்கள் தெரு பல்பு மாதிரி மங்கின சிவப்பு. அப்படியே நின்று எரிந்தது.

பாய் திட்டவில்லை. ட்ரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பார்த்து, "சுத்து கொறைஞ்சிருக்கும்மா. நல்லாவே கொறைஞ்சிருக்கு" என்றார்.

"நான் தப்பா எண்ணல பாய்."

"பல்பு சொல்லுதே."

போய் வார்னிஷ் டப்பா முன்னால் உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. என் கை, என் கணு, என் கொட்டை. எங்கே தப்பும்?

மறுநாள் துணி துவைக்கிறேன். என் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டைப் பையில் கை விட்டால் என்னவோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். வறுத்த புளியங்கொட்டை, மூன்று.

அவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றவிடவில்லை.

"இது ஏது?"

"புளியங்கொட்டை."

"தெரியுது. ஏதுன்னு கேக்கறேன்."

"அலமாரில டம்ளர் நெறைய வெச்சிருந்தியே, நல்லா கழுவித் தொடச்சி. வறுக்கத்தான் வெச்சிருக்கன்னு நெனச்சேன். திங்கக்கெழம காலைல நீ தண்ணி புடிக்கப் போயிருந்தியா, ஒரு புடி எடுத்து நானே வறுத்துக்கினு போனேன். கம்பெனி பஸ்ல பசங்க கேப்பாங்க இல்ல."

"அது என் கணக்குங்க. கணக்கப் போய் யாராச்சும் வறுப்பாங்களா?"

விஷயம் புரிந்ததும் அந்த மனுஷன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்டூல் பற்றி அவருக்குத் தெரியும். என் கையால் ஊட்டின சோற்றைப் பிள்ளைகள் துப்பினதையும் பார்த்திருக்கிறார்.

"நீங்க எத்தினி தின்னீங்க?"

"நான் எங்க தின்னேன், கடவாப்பல்லு ஆடுது. எல்லாம் குடுத்ததுதான்."

அதுதான் அவர் குணம். தனக்கில்லாவிட்டாலும் நாலு பேருக்குக் கொடுத்து, நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பாட்டுப் பெட்டி எரிந்ததும் அதே குணத்தினால்தான்.

"யாருக்கு எத்தினி குடுத்தீங்கன்னு சொல்லுங்க, பாப்போம்."

கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். "டிரைவருக்கு மூணு. மொத சீட்டுல ஃபிட்டர், அவனுக்கு மூணு. பின்னாடி மைசூர்காரன்... அவனுக்கு நாலா, அஞ்சா?" சொல்லச் சொல்ல நான் டம்ளரில் கொட்டை போட்டேன். பாதி பஸ்ஸுக்கு மேல் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் சீட்டு சீட்டாகப் போய்க் கேட்டிருக்கிறார். "திங்கக்கெழம நான் குடுத்தது எத்தினின்னு கரெக்டா சொல்லு." பாவம், அவர்கள் பயந்துபோய்விட்டார்கள். ஒருவன், "குடுத்தத இப்படியா திருப்பிக் கேப்பாங்க? நாளைக்கே கொண்டாந்து குடுத்துடறேன்" என்று சண்டைக்கு வந்துவிட்டானாம். மைசூர்காரன் தனக்குக் கொடுத்தது நாலு என்றும், அதில் ஒன்று சொத்தை என்றும் சொல்லியிருக்கிறான். சொத்தையானாலும் சுற்றுக்குக் கணக்கு உண்டு இல்லையா? சாயங்காலம் வந்து ஒவ்வொரு ஆளாகச் சொன்னார், முந்தின நாள் போட்டதை எடுத்துவிட்டு மறுபடி ஒவ்வொன்றாக டம்ளரில் போட்டேன். சட்டைப்பையில் இருந்த மூன்றையும் சேர்த்துப் போட்டேன்.

பாயிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. "அரே, பாதி ட்ரான்ஸ்ஃபார்மரை பஸ்ல தின்னுட்டாங்களா? சரி. இன்னும் ஒரே ஒரு வாட்டி. இந்த வாட்டி உன் புருஷன் கையைக் கட்டிப் போட்டுட்டு வா."

மறுபடி சுற்றினேன். இந்தத் தடவை சாப்பாட்டை விட்டு யாரும் எழுந்து வரவில்லை, ஒரு தடவை பார்த்துவிட்டார்கள் இல்லையா. ஜன்னல் வழியாக வந்த காற்று மட்டும் என்னோடு இருந்தது. சுற்றி முடித்து, தகடு அடுக்கி, பாயின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒயரை மாட்டி சுவிட்சைப் போட்டார்.

பல்பு பளிச்சென்றது. அது ஒரு கண்சிமிட்டல்தான். உடனே அணைந்துவிட்டது. இருட்டு.

பாய் பல்பைச் சுண்டிப் பார்த்தார். "பல்பே போச்சா?" என்று ரெண்டு ஒயரையும் ஒன்றாகத் தொட்டார். பல்பு ஜோராக எரிந்தது. மறுபடி ட்ரான்ஸ்ஃபார்மரில் மாட்டினார். இருட்டு. ரொம்ப நேரம் அப்படியே விட்டுவிட்டு ட்ரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பார்த்தார். என் கையையும் பிடித்து அதன்மேல் வைத்தார். சூடு இல்லை. தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி லேசாக ஒரு அதிர்வு, அவ்வளவுதான். கை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ரிப்பேர்காரர் டயோடு மாற்றி, உப்பிப்போன கெப்பாசிட்டரை மாற்றி, நிஜக் கண்ணாடி ஃபியூஸ் ஒன்று போட்டுக் கொடுத்தார். அந்தச் சிவப்பு சுவிட்சை இருநூற்றிருபதில் வைத்து அதன்மேல் அரக்கை உருக்கி ஊற்றி மூடிவிட்டார். "அண்ணாவுக்காக" என்றார். என் வீட்டுக்காரர் நாலணாக் காசை எடுத்து உண்டியலில் போட்டுவிட்டார். அன்று சாயங்காலம் வோல்டேஜ் வழக்கம்போல விழுந்தது. பாடுகிற அம்மா வழக்கம்போல ஆம்பளை ஆனாள். வட்டாரம் முழுக்க வாசலில் உட்கார்ந்து அந்த இழுவைப் பாட்டைக் கேட்டது. இப்போது உன் செல்போனில் எவ்வளவு சுத்தமாகப் பாடுகிறது, ஆனால் அந்த இழுவை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். என் வார்னிஷ் டப்பா முன்னால் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாய் தரையைப் பார்த்தபடி தகடு எண்ணிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலோர ஸ்டூல் காலியாக இருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு புது டம்ளர், அதற்கு ஒரு மூடி. நான் போய் உட்கார்ந்தேன். கால் தரையைத் தொடவில்லை, ஆட்டிக்கொண்டே சுற்றினேன்.

நாலைந்து நாள் கழித்து ரசம் சோறு பிசைந்து சின்னவளுக்கு ஒரு உருண்டை கொடுத்தேன். வாங்கித் தின்றாள். இன்னொன்று கொடு என்று வாயைத் திறந்தாள். நான் என் விரலை மோந்து பார்த்தேன், கண்ணு. புளி வாசனை. வெறும் புளி வாசனை...

இரு, அது என்ன சத்தம், தகரத்தில்? தூறலா? ஐயோ, மாடியில் ரெண்டு முறம் புளி காய்கிறதே. எழுந்திரு, நீ அந்தக் கோரைப்பாயைச் சுருட்டு, நான் முறத்தை எடுக்கிறேன். கொட்டையை மட்டும் கொட்டிவிடாதே.